இரட்டைக் கோடு

1994 மார்ச் 6

துவரம்பருப்பில் ஒரு கல் கிடந்துவிட்டது. தம்பி நல்லசிவன் கடித்துவிட்டு, தட்டோரத்தில் துப்பினான். அவன் மனைவி செண்பகவல்லிதான், "மைனி, இனிமே பருப்பு பொறுக்குதத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். கல்லைக் கலந்து விற்றவனை ஒரு வார்த்தை கேட்க இந்த வீட்டில் ஆளில்லை. பொறுக்கியவள் மேல்தான் பழி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருஷம் உட்கார்ந்து, ஒருவருடைய லைனை இன்னொருவருக்குத் தப்பாகப் போட்டுக் கொடுத்ததில்லை நான். ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகவில்லை, என் கையிலிருந்து சுளகைப் பிடுங்குகிறார்கள்.

முன்னறைக்குப் பெரிய பல்பாகப் போடச் சொல்லி ஒரு வாரமாகக் கத்தியதில், இன்று நல்லசிவன் மாற்றினான். பழையதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இப்போது வருகிற சாமான் எல்லாமே இப்படித்தான்.

பிலாயிலிருந்து சிநேகிதி எப்சிபாவின் கடிதம் வந்திருக்கிறது. நாளைக் காலை வெயிலில் வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

மார்ச் 7

மொட்டை மாடியில் வடகம் காயப் போடுகிற சாக்கில் கடிதத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போனேன். எப்சிபா மூன்று மடிப்பிலும் எழுதி, பசை ஒட்டுகிற ஓரத்தையும் விடாமல் எழுதுகிறவள். நீல இன்லண்டில் நீல மை. கெட்டிக்காரிக்கு இது மட்டும் தெரியாது.

தொடக்கம் நன்றாகத் தெரிந்தது: "அன்புள்ள வடிவு." பிறகு போன புத்தகத்தைப் பற்றி ஏதோ. "நீ இவ்வளவு புகழ்கிறாய் என்றால்" என்று ஒரு இடம். பிறகு அவள் மகள் பியூலாவின் பெயர் நாலைந்து இடத்தில் வருகிறது. "மே இரண்டு" என்று ஒரு இடம். "அடுத்த புத்தகத்தில்" என்று ஒரு இடம், அதன் கீழே அடிக்கோடு. அடுத்த புத்தகம் எப்போது என்று கேட்கிறாள், வேறென்ன. பியூலாவுக்குப் பள்ளிக்கூட வேலையில் மாற்றல் வந்திருக்கும். மே மாதம்தானே மாற்றல் போடுவார்கள்.

கண்ணைக் கசக்கிக் கசக்கித் தலைவலிதான் மிச்சம். வடகத்தைக் காக்காய் கொத்திவிட்டது. அதற்கும் செண்பகத்திடம் பேச்சு வாங்கினேன்.

மார்ச் 8

பதில் எழுதிப் போட்டேன். "எல்லாம் நல்லபடி நடக்கும், புத்தகம் வருகிறது" என்று சுருக்கமாக.

மார்ச் 15

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கந்தசாமி, "குடும்பக் கதைக்கா. மக வீட்ட விட்டுப் போயிருதா, அதான் கதையே. நல்லா போகுது" என்று ஒரு தடித்த நாவலைக் கையில் கொடுத்தார். முன்பெல்லாம் நான் கடையில் நின்றே பத்துப் பக்கம் படித்துவிட்டு, பிடிக்காவிட்டால் திருப்பி வைப்பேன். அவருக்கு அது கோபம். இன்று மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

எப்சிபாவுக்கும் எனக்கும் எப்படிப் பழக்கம் என்று செண்பகம் அடிக்கடி கேட்பாள். சண்டையில்தான். ஒரு பத்திரிகையில் வந்த தொடர்கதையைத் திட்டி வாசகர் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அடுத்த வாரம் அதே பக்கத்தில் பிலாயிலிருந்து ஒருத்தி என்னைத் திட்டி எழுதியிருந்தாள். அந்தக் காலத்தில் விலாசத்தையும் சேர்த்துப் போடுவார்கள். நேராக வீட்டுக்கே எழுதிச் சண்டை போட்டேன். அவளும் விடவில்லை. இருபத்தைந்து வருஷம் ஆகப் போகிறது. அவள் நாசரேத்துக்காரி, கல்யாணமாகி வடக்கே இரும்பாலை ஊருக்குப் போனவள். அங்கே தமிழ்ப் புத்தகம் கிடைக்காது. நான் வாங்கி, முதலில் நான் படித்து, பென்சிலால் அடையாளம் போட்டு அனுப்புவேன். ஓரத்தில் புள்ளி வைத்தால் நான் சிரித்த இடம். ஒற்றைக் கோடு போட்டால் நல்ல வரி. அவள் படித்துவிட்டு, நான் சிரித்தது சரியா தப்பா என்று பக்கம் பக்கமாக எழுதுவாள்.

நேரில் பார்த்ததில்லை. போனிலும் பேசியதில்லை. பகல் முழுக்க ஊரார் பேசுவதைக் காதில் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குப் போன் பேச்சு ஒரு பேச்சாகவே தோன்றாது. அவளும் சரி என்றுவிட்டாள்.

மார்ச் 22

ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம். எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருக்கிறான். காகிதத்தை மிச்சம் பிடிக்க எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள். பக்கத்தின் நடுவில் மை சரியாகப் பிடிக்கவில்லை, ஓரத்தில் மட்டும் தெரிகிறது. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் நடுவில்தான் மை பிடிக்கவில்லை.

மார்ச் 28

நல்லசிவன் தொந்தரவு தாங்காமல் திருநெல்வேலியில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். ரொம்பச் சின்னப் பையன். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, அதற்கு ஒரு பெயர் சொன்னான். நடுப்பார்வை போய்விட்டதாம், ஓரப்பார்வை இருக்குமாம். நடமாடலாமாம், கண்ணாடி மாற்றுவதில் பிரயோசனம் இல்லையாம். "இனி படிக்கிறது சிரமம்மா" என்றான். அவனுக்கு என்ன தெரியும்.

திரும்பும்போது அல்வா வாங்கினோம். சூடாக இருந்தது.

மார்ச் 30

ஸ்கெட்ச் பேனா ஒரு பெட்டி வாங்கி வந்தேன். நாட்குறிப்புக்கு இதுதான் சௌகரியம், ஒரு கோடு விட்டு ஒரு கோடு எழுதினால் கையே போய்ச் சேர்ந்துவிடுகிறது. எழுதியதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. எழுதியது எனக்குத் தெரியும்தானே.

ஏப்ரல் 2

புத்தகத்தை இன்று பார்சல் போட்டுவிட்டேன்.

தீபாவளிக்குப் பிறகு அனுப்பிய இரண்டு புத்தகத்துக்கும் செய்ததையே செய்தேன். பின்னட்டையில் இருக்கும் பெரிய எழுத்தைப் பூதக்கண்ணாடியில் கூட்டிப் படித்து, கடைக்காரர் சொன்ன கதையையும் சேர்த்து, "அருமை, இரண்டாம் பாதியில் கையை விட்டுக் கீழே வைக்க முடியவில்லை" என்று கடிதம். அங்கங்கே நாலு புள்ளி, ஏழெட்டு ஒற்றைக் கோடு. சீப்பை அளவுகோல் மாதிரி வைத்துப் பென்சிலை இழுத்தால் வரிக்குக் கீழேதான் விழும். இத்தனை வருஷம் படித்தவளுக்கு ஒரு கதை எப்படிப் போகும் என்று தெரியாதா.

இரட்டைக் கோடும் ஒன்று போட்டேன். அது இல்லாமல் புத்தகம் போனால் அவள் சந்தேகப்படுவாள். இரட்டைக் கோடு எங்கள் இருவருக்கும் மட்டும் உள்ள பாஷை. அவள் கணவர் தவறிய வருஷம், மாமியார் வீட்டாரோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நான் புத்தி சொல்லி எழுதினேன். அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பத்து மாதம் ஒரு கார்டுகூட இல்லை. கடைசியில் நான் கடிதம் வைக்காமல் ஒரு புத்தகத்தை மட்டும் அனுப்பினேன், ஒரே ஒரு வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டு. அதற்குப் பதில் வந்தது. அன்று முதல் கடிதத்தில் புத்தி சொல்வதில்லை. ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு இரட்டைக் கோடு. "இது உனக்கு" என்று அர்த்தம். அவளுக்கு என்ன கஷ்டம் என்று பார்த்து, அதற்குப் பொருத்தமான வரியைத் தேடி, சில சமயம் அதற்காகவே புத்தகத்தை இரண்டு தடவை படிப்பேன்.

இந்தத் தடவை நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து போட்டுவிட்டேன். நல்ல எழுத்தாளர் என்கிறார்கள். எந்த வரியாக இருந்தாலும் மோசம் போகாது.

மனதில் இருப்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் இங்கே சொல்கிறேன். எனக்கு எப்சிபா ஒருத்திதான். தம்பி வீட்டில் சோறு இருக்கிறது, மரியாதை இருக்கிறது, பேச்சுக்கு ஆளில்லை. படிக்கிற வடிவுக்குத்தான் அவள் கடிதம் போடுகிறாள். படிக்காத வடிவுக்கு எதற்குப் போட வேண்டும்?

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி. கோவிலில் நல்ல கூட்டம். செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். குழந்தையா நான் என்று உதறினேன். வாசற்படியில் தடுக்கிற்று.

ஏப்ரல் 25

கடிதம் வந்துவிட்டது. கையில் தொட்டுப் பார்த்தால் அழுத்தி எழுதியிருக்கிறாள், காகிதத்தின் பின்பக்கம் புடைத்திருக்கிறது. மாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினேன். "அன்புள்ள" மட்டும் தெரிந்தது. அதுவும் அது அங்கேதான் இருக்கும் என்பதால் தெரிந்தது.

ஏப்ரல் 26

இன்றும் அப்படியே.

ஏப்ரல் 28

செண்பகத்தைக் கூப்பிட்டேன். அவள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்தாள். "இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் வாசி, என் கண்ணாடியைக் காணோம்" என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்கனருந்து வாசிக்க?"

"முதலிலிருந்துதான்."

தேதி, ஊர், பின்கோடு எல்லாவற்றையும் வாசித்தாள். எனக்குப் பொறுமை போயிற்று. பிறகு விஷயம் வந்தது. அவள் வாசித்ததை நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

"அன்புள்ள வடிவு. புத்தகம் கிடைத்தது. கடிதத்தில் பியூலாவைப் பற்றி எதுவும் இல்லை, பதில் கோட்டில்தான் இருக்கும் என்று நானும் எதிர்பார்த்தேன். முழுப் புத்தகத்தையும் படிக்கப் பொறுமை இல்லை. உன் இரட்டைக் கோட்டைத் தேடிப் போனேன். 'போனவளை நினைத்து அழாதே, பெறவே இல்லை என்று நினைத்துக்கொள்.' நீ இப்படிச் சொல்வாய் என்று நான் நினைக்கவில்லை. போ, பிள்ளையோடு நில் என்று சொல்வாய் என்றுதான் நினைத்தேன். என் மனதும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஆனால் உன்னிடம் கேட்ட பிறகு உன் சொல்லைத் தள்ளினால் கேட்டதற்கு அர்த்தமில்லை. பியூலாவிடம் சொல்லிவிட்டேன். மே இரண்டாம் தேதி அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார்கள். நான் போகவில்லை."

செண்பகம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்திருப்பாள். எனக்கு அவள் முகம் ஒரு கறுப்புத் திட்டு, ஓரத்தில் தோடு மட்டும் தெரிந்தது.

"என்ன மைனி, ஒரு தாய்க்காரிகிட்ட இப்பிடியா சொல்லி அனுப்புவாங்க?"

மார்ச் மாதத்துக் கடிதத்தையும் எடுத்து வரச் சொன்னேன். அதையும் வாசித்தாள். பியூலா கூட வேலை பார்க்கிற வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்கிறாள். அவர் அந்த ஊர்க்காரர், வேறு மதம், நல்ல மனிதர்தான் என்று எப்சிபாவே எழுதியிருக்கிறாள். நாசரேத்தில் எப்சிபாவின் அண்ணன்மார் குதிக்கிறார்கள், தலைமுழுகிவிடு என்கிறார்கள். "எனக்கு இதில் யாரிடமும் கேட்க இஷ்டமில்லை, உன்னைத் தவிர. அடுத்த புத்தகத்தில் சொல். நீ எதில் கோடு போடுகிறாயோ அதைச் செய்கிறேன்."

நான் அதற்கு எழுதிய பதில், எல்லாம் நல்லபடி நடக்கும், புத்தகம் வருகிறது.

"அந்தக் கோட்ட நான் பாத்துப் போடல" என்றேன்.

"எனக்குக் கண்ணு தெரியல செண்பகம்" என்றும் சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவள், "அது எனக்குத் தெரியாதாக்கும். எத்தன நாளா ஒங்க கால்ல இடிக்காம ஸ்டூல நவுத்தி நவுத்தி வைக்கேன்" என்றாள்.

ஏப்ரல் 29

பகல் முழுக்க ஒரு கடிதம் எழுதினேன். பிலாய்க்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். கல்யாணம் மே இரண்டு. கிழித்துப் போட்டேன். தந்தி அடிக்கலாம் என்றான் நல்லசிவன். தந்தியில் என்னவென்று சொல்வது? கோடு தப்பு, கல்யாணத்துக்குப் போ என்றா?

செண்பகம் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பழைய கடிதங்களில் ஒரு போன் நம்பரைத் தேடிப் பிடித்தாள். எப்சிபாவின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவசரத்துக்கு என்று எழுதியிருந்த பக்கத்து வீட்டு நம்பர். இன்னும் இருக்கிறதோ என்னவோ.

ஏப்ரல் 30

காலையில் செண்பகத்தோடு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். நம்பரைச் சுழற்ற எனக்குக் கண் வேண்டாம். இந்தியில் ஒரு பெண் எடுத்தாள். "எப்சிபா, எப்சிபா" என்று நாலு தடவை சொன்னதும் புரிந்துகொண்டு, காத்திருக்கச் சொன்னாள். கூப்பிடப் போன நேரத்தில் ஒரு பிரஷர் குக்கர் விசில் அடித்தது காதில் விழுந்தது.

"யாரு பேசுதது?"

நான் இத்தனை வருஷமாக மனதில் அவளுக்குக் கொடுத்திருந்த குரல் வேறு. இது மெலிந்த, கொஞ்சம் கீச்சென்ற குரல். நாசரேத்து இழுவை அப்படியே இருந்தது.

"சண்முகவடிவு. கோவில்பட்டி."

அங்கே குக்கர் மறுபடி விசில் அடித்தது. பிறகு, "நீங்களா?" என்றாள். கடிதத்தில் நீ, போனில் நீங்க. "யாருக்கு என்ன? ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. அந்தக் கோடு தப்பு எப்சிபா. நீ கல்யாணத்துக்குப் போ."

"தப்புன்னா? வேற யாரும் போட்டாங்களா?"

"நாந்தான் போட்டேன். என்ன வரின்னு பாக்காமப் போட்டேன். எனக்குக் கண்ணு தெரியல. அந்தப் புஸ்தகத்த நான் படிக்கவே இல்ல. ஒன்னோட மார்ச் மாசத்துக் கடுதாசியயும் படிக்கல, படிச்ச மாதிரி பதில் போட்டேன்."

"என்னளா சொல்லுத?"

"தீபாவளிக்கு முன்னருந்தே இப்பிடித்தான். சின்ன எழுத்து எதுவும் தெரியல."

"அப்ப முன்ன அனுப்புன ரெண்டு புஸ்தகம்? அருமைன்னு எழுதுனியே?"

"அதும்தான்."

பிறகு ரொம்ப நிதானமாகச் சொன்னாள். "நான் அவள எதுக்க உக்காரவச்சு, அந்தப் பக்கத்த விரிச்சு, அந்த வரிய வாசிச்சுக் காட்டுனேன் வடிவு. வடிவு ஆன்ட்டியே சொல்லிட்டாங்க பாருன்னு சொன்னேன். அவ பொட்டிய எடுத்துட்டுப் போயிட்டா. சின்னப் பிள்ளையில ஒன் கடுதாசிய எனக்கு வாசிச்சுக் காட்டுனதே அவதான். அவளுக்கு ஒம்மேல அம்புட்டு மதிப்பு."

"இப்பப் போய்க் கூப்பிடு. இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

"என்னன்னு சொல்லிக் கூப்பிட? கோடு தப்பா விழுந்துட்டு, நீ இப்பம் எம்பிள்ளதான்னா?"

வைத்துவிட்டாள். நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். அந்த ஓசையை எத்தனை ஆயிரம் பேருக்கு, "லைன் கட்டாயிட்டு சார்" என்று நான் சொல்லியிருப்பேன். பூத்துக்காரர் முன்னால் அழுதேன். அவமானமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை.

மே 2

இன்று பியூலாவுக்குக் கல்யாணம்.

மே 5

செண்பகத்தை அனுப்பி அதே நாவலில் இன்னொரு பிரதி வாங்கி வரச் சொன்னேன். எனக்கு அந்த வரி எங்கே இருக்கிறது, யார் சொல்கிறார் என்று தெரிந்தாக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வாசிக்கிறாள். வாசிப்பு மோசம். கால் புள்ளியில் நிற்க மாட்டாள், வாக்கியத்தின் நடுவில் நின்று, "இவளுக்குக் கிறுக்கா மைனி?" என்று கதாநாயகியைப் பற்றிக் கேட்பாள். பதில் சொல்லாவிட்டால் மேலே வாசிக்க மாட்டாள்.

எழுத்தும் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை.

மே 11

வரி வந்துவிட்டது. நூற்று நாற்பதாம் பக்கம். பெண்டாட்டியை அடித்து மூலையில் உட்காரவைக்கிற ஒரு தகப்பன் சொல்கிறான். குடித்துவிட்டுச் சொல்கிறான். செண்பகம் அதை வாசித்துவிட்டு, "இவன் நாக்குல தீய வைக்க" என்றாள். அதற்கு அடுத்த பக்கத்தில் அந்தத் தாய் இருட்டில் எழுந்து மகளைத் தேடிப் போகிறாள். நான் கண்ணோடு படித்திருந்தால் கோடு அங்கேதான் விழுந்திருக்கும். ஒரு பக்கம் தள்ளி.

கதை முழுக்க அந்த வீட்டுச் சண்டைதான். எங்கே கோடு போட்டிருந்தாலும் யாரையாவது வெட்டத்தான் செய்திருக்கும். அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. ஒரு தாய் தன் பிள்ளையை என் கையில் கொடுத்து என்ன செய்ய என்று கேட்டாள். நான் சீப்பை வைத்து இழுத்தேன். என் கௌரவம் போகக் கூடாது என்று.

மே 12

ஸ்கெட்ச் பேனாவில் எழுதிப் போட்டேன். பெரிய எழுத்தில் நாலு பக்கம். பழைய ஒப்பந்தத்தை மீறி நேராகவே புத்தி சொன்னேன்: "அவள் வீட்டுக்குப் போ. வாசலில் நில். உள்ளே விடாவிட்டாலும் நில். குற்றம் என்னுடையது என்று சொல், என் பெயரைச் சொல்லித் திட்டு." பியூலாவுக்குத் தனியாக ஒரு காகிதம் வைத்தேன். "அந்த வரி நான் சொன்னதல்ல, நான் பார்க்கவே இல்லை" என்று. அவள் நம்புவாளோ என்னவோ.

மே 19

தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். சைக்கிள் சத்தத்திலேயே தெரிகிறது.

மே 26

இன்னொரு கடிதம் போட்டேன். செண்பகம் விலாசம் எழுதினாள். "பதிலே வரல, ஏன் மைனி திரும்பத் திரும்பப் போடுதீங்க?" என்றாள். அவளுக்குப் புரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த நாவல் முடிந்து இப்போது அவள் நூலகத்திலிருந்து வேறொன்று எடுத்து வந்திருக்கிறாள். எனக்காகத்தான் என்கிறாள். இரண்டு நாளாகத் தனியாக மேலே படித்துவிட்டு வந்து, தெரியாத மாதிரி எனக்கு வாசிக்கிறாள். குரலில் தெரிகிறது.

ஜூன் 3

இல்லை.

ஜூன் 9

இல்லை. பியூலா வீட்டு வாசலில் எப்சிபா நிற்கிற மாதிரியும், கதவு திறக்காத மாதிரியும் நினைப்பு வந்துகொண்டே இருக்கிறது. அவள் போகவே இல்லை என்று இன்னொரு நினைப்பு. எது மோசம் என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நான்தான் காரணம். நட்பு போனால் போகட்டும், அது எனக்கு வேண்டியதுதான். அந்தப் பெண் தாயில்லாமல் ஆகிவிடக் கூடாது. இன்று கோவிலில் அது ஒன்றைத்தான் கேட்டேன். பார்வையைக் கேட்கவில்லை.

ஜூன் 14

செண்பகத்துக்குக் காய்ச்சல். நான் ரசம் வைத்தேன். உப்புக்குப் பதில் சீனி. நல்லசிவன் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றான். இந்த வீட்டில் இப்போது எல்லோருமே பொய் சொல்கிறோம்.

ஜூன் 18

தபால்காரர் கதவைத் தட்டினார். கடிதமில்லை, குழல் மாதிரி நீளமாகச் சுருட்டிய பார்சல். "பிலாயிலருந்து" என்றார். மாதக் காலண்டர் தாள்கள் என்று தடவியதும் தெரிந்தது, வழவழவென்று. படுக்கையிலிருந்து செண்பகம், "நான் வாசிக்கட்டா மைனி?" என்று எழுந்து வந்தாள். தாளைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், நீங்களே வாசிங்க" என்று போய்ப் படுத்துக்கொண்டாள்.

கூடத்துத் தரையில் விரித்தேன். காலண்டரின் வெள்ளைப் பின்பக்கத்தில், பட்டையான கறுப்பு மையில், சுவரில் எழுதும் கட்சி விளம்பரம் போல எழுத்து. ஒரு தாளுக்கு மூன்று சொல், நான்கு சொல். நேராகப் பார்த்தால் தெரியாது. தலையைச் சாய்த்து, கடைக்கண்ணில் ஒவ்வொரு எழுத்தாகப் பிடிக்க வேண்டியிருந்தது. முட்டி போட்டு, தாளுக்குத் தாள் நகர்ந்து போனேன்.

"கல்யாணத்துக்குப் போகவில்லை.

பிறகு போனேன்.

வெயிலில் நின்றேன்.

கதவைத் திறந்தாள். பேசவில்லை.

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

உன் காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

மறுபடி போவேன்.

உன்மேல் கோபம் ஆறவில்லை.

முந்தின இரண்டு புத்தகமும் மட்டம்.

நீ புகழ்ந்தாயே என்று

கடைசிவரை படித்தேன்.

பதில் போடு."

இருபத்தைந்து வருஷத்தில் அவள் எனக்கு எழுதியதிலேயே சின்னக் கடிதம் இது. படித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.